ரெண்டு தட்டினால் வரலாம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அந்தச் சத்தம். ஆஸ்பத்திரி வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் பின்னாலிருந்து டொக், டொக். எப்போதும் இரண்டு.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடி ஐந்து மாதம். காரை மறுபடி தொட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அடுத்தவர் எலும்பைப் பார்க்கிறவள் நான், லேசில் பயப்படுகிற ஜென்மம் இல்லை. ஆனால் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 5, புதன்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் பைத்தியக்காரத்தனம் குறையுமா?

எங்கள் சந்தில் காரைத் திருப்ப இடம் கிடையாது. ஷெட்டிலிருந்து தெருமுனை வரை ரிவர்ஸ்தான். இவர் ஆசை ஆசையாக வாங்கிச் செப்பனிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், பின் கண்ணாடி தீப்பெட்டி அளவு. அதனால் தினமும் காலையில் பின்னால் நின்று டிக்கியைத் தட்டுவார். ரெண்டு தட்டினால் வரலாம். ஒரு தட்டு என்றால் நில்லு. வாயைத் திறக்கவே மாட்டார். "கத்தினா நீ பதறுவ, அப்புறம் என்னையே திட்டுவ" என்பார். உண்மைதான், திட்டுவேன்.

அதே சத்தம். அதே இடைவெளி. வரலாம், வரலாம் என்றால் எங்கே? எங்கே வரச் சொல்கிறீர்கள்?

மார்ச் 8, சனி

புறவழிச் சாலையில் வேகமாகப் போனேன். ரோடு மோசம், சத்தம் நிற்கவே இல்லை. வரலாம், வரலாம், வரலாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கத் தோன்றவில்லை. எதிரே சிவப்பு விளக்கு எரிந்ததைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம். கார் ஷெட்டில் நிற்கிறது. சாவி என் கைப்பையில். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

டொக், டொக்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. போய்ப் பார்த்தபோது ஷெட்டில் யாரும் இல்லை. அத்தை தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகன் போன பிறகு இவருடைய அம்மாவும் நானும் மட்டும்தான் இந்த வீட்டில், பேச்சு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. "ஏதாவது சத்தம் கேட்டுதா அத்தை?" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அப்போ எனக்கு மட்டும்தானா? ஐயோ, எனக்கு மட்டும்தானா?

மார்ச் 12, புதன்

பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்து அடித்து என்னை மறித்தார். "ஏம்மா, கண்ணு தெரியல? வண்டிக்கடியில ஸ்டெப்னி தொங்குது! விழுந்தா நேரா எங்க மேலதான்!" அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், இடுப்பைக் கட்டிக்கொண்டு. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மெக்கானிக் காரைத் தூக்கி அடியில் லைட் அடித்துக் காட்டினார். டிக்கிக்குக் கீழே ஸ்டெப்னியைத் தாங்கும் இரும்புத் தாங்கி, வளைவில் விரிசல். முடி அளவு ஆரம்பித்து ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. தினமும் நான் பார்க்கிற சமாச்சாரம், எலும்புக்குப் பதில் இரும்பு.

"ஏன் எப்பவும் ரெண்டு தடவ தட்டுது?"

"குழியில விழுந்தா சக்கரம் மேல போய் ஒரு இடி, கீழ வந்து ஒரு இடி. வேற என்னங்க?"

வேற என்ன.

"இதுக்கு ஒல்லி ஸ்டெப்னிதாங்க கணக்கு. சார் எதுக்கு முழுச் சக்கரத்த மாட்டுனாரு? கனம் தாங்காமத்தான் விட்டிருக்கு."

எதற்கென்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பஞ்சர் ஆகி, அந்த ஒல்லிச் சக்கரத்தில் கொட்டுகிற மழையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, வீட்டுவாசலில் ஓவென்று அழுதேன். அடுத்த வாரமே முழுச் சக்கரம் வந்துவிட்டது. "இனிமே நீ பாட்டுக்கு வா" என்றார். எனக்காக ஏற்றிய கனம்.

"வெல்டு வச்சுத் தகடு போட்டுடலாம். சத்தம் சுத்தமா போயிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். கம்பி போட்டுக் கட்டி, வீடு வரைக்கும்தான், அதுக்கு மேல ஓட்டவே கூடாது என்று நாலு தடவை சொல்லி அனுப்பினார்.

மார்ச் 14, வெள்ளி

பஸ். அதில் சத்தத்துக்கு என்ன குறைச்சல், ஆனால் எதுவும் என்னைக் கூப்பிடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் மறுபடியும் டொக், டொக். இந்தத் தடவை வெறுங்காலோடு ஓடினேன்.

அத்தை.

முட்டி வலிக்காரி, பாதி குந்தி, இரண்டு கையாலும் பின் பம்பரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். கம்பிக்குள் சக்கரம் இடித்தது. கண்ணை மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி கையை எடுத்தார்.

"சும்மா... ஒரு தடவ கேக்கலாம்னு."

பக்கத்தில் போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலைல அடுப்படி ஜன்னல்ல தெனம் கேப்பேன், அவன் தட்டுறத. நீ வண்டிய எடுக்க ஆரம்பிச்சதுமே கேட்டுச்சு, தெருமுனை வரைக்கும். உனக்கும் கேக்குதா?"

"கேக்குது அத்தை."

சிமெண்டுத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னேன் – விரிசல், ஸ்கூட்டர், சிரித்த பிள்ளை. சிவப்பு விளக்கையும்.

அதற்குத்தான் என் கையை அழுத்திப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

"அவன் அப்படியெல்லாம் கூப்பிட மாட்டான். நாளைக்கே குடுத்து சரி பண்ணு." எழுந்திருக்கப் போனவர் பாதியில் நின்றார். "இன்னும் ஒரே ஒரு தடவ ஆட்டிக்கவா?"

இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டினோம்.

மார்ச் 18, செவ்வாய்

வெல்டு வைப்பதற்கு முன்னால் மெக்கானிக் விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். இருக்கிற விரிசல் போதாதா என்றேன். "இங்க நிறுத்தலைன்னா நான் வைக்கிற வெல்டைத் தாண்டி ஓடும்ங்க" என்றார்.

ஒல்லிச் சக்கரம் மாட்டியாயிற்று. முழுச் சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை அதை ஈரத்துணியால் துடைத்து ஷெட் வாசலில் படுக்கப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வெயில் காய்கிறார்.

மார்ச் 22, சனி

வேகத்தடை. ஒன்றுமில்லை. திரும்பி வந்து மறுபடி ஏறி இறங்கினேன். ஒன்றுமில்லை. காவல்காரர் என்னம்மா தொலைச்சீங்க என்று கேட்டார்.

வரும்போது ஓரமாக நிறுத்தி வாய்விட்டு அழுதேன். மத்தியானம் மறுபடி கடைக்குக் கிளம்பும்போது சந்துச் சுவரில் உரசி இடது பக்கக் கண்ணாடி போச்சு.

மார்ச் 24, திங்கள்

காலையில் ரிவர்ஸ் போட்டு ஒரு முழம் நகர்ந்திருப்பேன். டொக், டொக். பிரேக்கை மிதித்தேன்.

தீப்பெட்டிக் கண்ணாடியில் நரைத்த கொண்டை. டிக்கிமேல் ஒரு கை. அத்தை ஒரு வார்த்தை பேசாமல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓர் அடி, டொக் டொக். இன்னொரு அடி, டொக் டொக். அவர் முட்டி எவ்வளவு அனுமதித்ததோ அவ்வளவு வேகத்தில் நானும் வந்தேன்.

தெருமுனையில் நான் பாட்டுக்கு வளைக்கப் போனேன்.

டொக்.

ஒன்றே ஒன்று. இத்தனை நாளில் அந்த ஒற்றைத் தட்டு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நிறுத்தினேன். பின்னால் தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று.

அத்தை மூச்சு வாங்க என் ஜன்னல் பக்கம் வந்தார். "என்னா ஓட்டுற நீ? முதல்ல அந்தக் கண்ணாடிய மாத்து." நாலடி போய்த் திரும்பினார். "சாயங்காலம் எங்கயும் நிக்காத. நேரா வீட்டுக்கு வா."