இரண்டு விரல் பெயர்

அன்புள்ளவளே,

நீயும் குட்டியும் நலந்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? வீடியோவில் வரவில்லையென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், இடக்கையால் எழுதுகிறேன்.

அட்டைப்பெட்டி வெட்டும் இயந்திரத்தில் சின்னதாக ஒரு அடி. கத்தி இறங்குமுன் எரியும் சிவப்பு விளக்கு அன்று எரியவில்லை, மணி மட்டும் அடித்ததாம். நம் காதுக்கு மணி எங்கே கேட்கிறது! சூப்பர்வைசர் போனில் எழுதிக் காட்டினார்: "எவ்வளவு கத்தினோம்! சரி விடுப்பா, ரெண்டு விரல்தானே போச்சு."

இங்கே சைகையில் பேச ஒருவரும் இல்லை. வேலை முடிந்ததும் கண்ணாடி முன் நின்று உன் பெயரையாவது சொல்லிக்கொள்வேன். உன் கன்னக்குழியைப் பார்த்து நம் காதுகேளாதோர் சங்கத்து ஆட்கள் வைத்த சைகைப் பெயர். அந்த இரண்டு விரலால் கன்னத்தைத் தொட்டுச் சொல்வேனே, அதுதான். நேற்று இடக்கையால் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிட்டது போலிருந்தது.

பொத்தான் போட வரவில்லை. தலைவழி மாட்டும் பனியன் இரண்டு அனுப்பு. அப்படியே சங்கத்துக்குப் போய், மடக்கிய கையால் சொல்லும்படி உனக்கு வேறு பெயர் வைக்கச் சொல். கட்டு மாற்ற ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

அதுவரை உன்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

உன்னவன்