பாதி விண்ணப்பம்

செங்கல்பட்டு
12 ஆகஸ்ட் 2023

பெனிட்டாவின் அப்பாவுக்கு,

கிருபாவதி எழுதுவது. நலம் விசாரித்து ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

அம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று பெனிட்டாவிடம் கேட்டீர்களாம். எடுத்து என்ன பிரயோஜனம்? நான் ஒரு கேள்வி கேட்டால் போதும், "ஜெபிப்போம் கிருபா" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். நீங்கள் ஆமென் சொல்வதற்குள் கேட்டது எனக்கே மறந்துபோகிறது. கடிதத்தில் அந்த வேலை நடக்காது. நான் முடிக்கும்வரை நீங்கள் படித்துத்தான் ஆகவேண்டும்.

புதன்கிழமை தெய்வநாயகி என் அக்கா வீட்டுக்கு வந்தாள். வைசாக்கில் இருந்தபோது ஓட்டலில் உங்களோடு வேலை பார்த்த டிரைவர் ராஜேந்திரனின் மனைவிதான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை. "இன்னா தப்பு நடந்திருந்தாலும் ஆண்டவரு மன்னிப்பாருக்கா. நீ மனந்திரும்பினா போதும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டி.பி. வந்து படுத்தவள் எதற்கு மனந்திரும்ப வேண்டும்?

நேற்று ஆயர் ஐயா போன் செய்தபிறகுதான் புரிந்தது. போன வாரம் உபவாச ஜெபத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, "என் மனைவிக்கு எச்.ஐ.வி. என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், அவளுக்காக ஜெபியுங்கள்" என்று விண்ணப்பம் வைத்தீர்களாம். சபையே கண்ணீர் விட்டதாம்.

என் மனைவிக்கு! அதோடு முடிந்ததா? அவளுக்கு எப்படி வந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லையா? கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் உங்களைத் தவிர வேறொரு ஆணின் விரல் என்மேல் பட்டதில்லை. அது கர்த்தருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சபைக்குத் தெரியாது. பாதியை மட்டும் சொல்லி மீதியை அவர்கள் கற்பனைக்கு விட்டுவிட்டீர்கள். அவர்களும் நன்றாகவே கற்பனை செய்துகொண்டார்கள்.

இன்னொன்றும் ஆயர் சொன்னார். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் எல்லாரும் திராட்சரசம் குடிப்பதால் ஜனங்கள் பயப்படுகிறார்களாம். கொஞ்ச நாளைக்கு நான் திருவிருந்துக்கு வராமல் இருந்தால் நல்லதாம். அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வரிசையாக எல்லார் வாயிலும் வைப்பது யார்? நீங்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிண்ணத்தால் யாருக்கும் எதுவும் வராது என்று டாக்டரே சொன்னார். எனக்கு எதனால் வந்தது என்று நமக்குத் தெரியும்.

எனக்குப் பணம் வேண்டாம், பழம் வேண்டாம், விசாரிக்க ஆள் வேண்டாம். அதே ஜெபக்கூட்டத்தில் அதே மைக்கில், "என்னிடமிருந்துதான் அவளுக்கு வந்தது" என்று சொல்லுங்கள். என் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

கிருபாவதி


மாமல்லபுரம்
16 ஆகஸ்ட் 2023

கிறிஸ்துவுக்குள் அன்பான கிருபாவுக்கு,

நம்மை இம்மட்டும் கைவிடாமல் நடத்திவரும் தேவனுக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. நீ போனதிலிருந்து சாப்பாடே அப்படித்தான். ஓட்டல் ஸ்டோரில் மூட்டை மூட்டையாக அரிசியை அளந்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரஸ்க்கைத் தின்கிறேன். நீ ஊற்றும் அந்த நெத்திலிக் குழம்பு நினைவுக்கு வருகிறது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாரால் வந்தது என்று நாம் ஏன் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டும்? பெனிட்டா பிறந்தபோது உனக்கு ரத்தம் ஏற்றினார்களே, அதில்கூட வந்திருக்கலாம் அல்லவா? தேவன் ஒருவரே அறிவார். நீ சுகமடைய வேண்டும் என்ற தவிப்பில்தான் சபையில் விண்ணப்பம் வைத்தேன். ஊர் பேசும் என்று நான் யோசிக்கவில்லை.

பெனிட்டாவை நினைத்துப் பார். நாளைக்கு அவளுக்கு ஒரு வரன் அமைந்து சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது, தகப்பனும் இப்படித்தான் என்று தெரிந்தால் எந்த வீட்டார் முன்வருவார்கள்? தாய்க்கு மட்டும் என்றால் பரிதாபப்பட்டு விட்டுவிடுவார்கள். இதை நீ ஒரு தாயாக யோசிக்க வேண்டும். நான் நிற்கிற சபைக் கமிட்டித் தேர்தல் வருகிறது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

கிண்ண விஷயத்தை முதலில் கிளப்பியது தெய்வநாயகிதான். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். தைலம் ஒரு பாட்டில் பெனிட்டாவிடம் கொடுத்து அனுப்புகிறேன், நெஞ்சில் தேய்த்துக்கொள்.

ஜெபத்துடன்,
உன் ஏசுபாதம்


செங்கல்பட்டு
19 ஆகஸ்ட் 2023

ஏசுபாதம் அவர்களுக்கு,

நீங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. பழக்கதோஷத்தில் எழுதுகிறேன்.

நேற்று எனக்கு எச்.ஐ.வி. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெண் வெள்ளை டப்பாவைத் திறந்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி ஒண்ணு போடுங்கம்மா. ஒரு நாள்கூட வுடக்கூடாது" என்றாள். அந்த டப்பாவை எனக்குத் தெரியும்! மூன்று வருஷமாக நம் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் லேபிளைச் சுரண்டி வைத்திருந்த டப்பா. சர்க்கரைக்கு என்றீர்கள். ஒவ்வொரு நாளும் குடும்ப ஜெபம் முடிந்ததும் உங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த முட்டாள் நான்.

சந்தேகத்தில் உங்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்று அங்கே வந்துபோகிற பெனிட்டாவை விட்டு அந்த மாத்திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதன்மேல் பொறித்திருக்கும் எழுத்துகூட ஒன்றுதான்.

மூன்று வருஷமாகத் தெரியும் உங்களுக்கு. மூன்று வருஷம்! தெரிந்த அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டுபோய் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கவைத்திருந்தால் நான் இப்படி எலும்பும் தோலுமாகியிருக்க மாட்டேன். வார்டில் நான் இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தீர்களே, அப்போதுகூடவா வாய் வரவில்லை? வைசாக்கில் தனியாக இருந்தேன், புத்தி கெட்டுப்போனேன் என்று ஒரு வார்த்தை அழுதிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். என்றைக்காவது மன்னித்தும் இருப்பேன். நீங்கள் மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டு என்னை அழுகவிட்டதை எப்படி மன்னிப்பது? சுகத்திலும் வியாதியிலும் என்று ஆயர் முன்னால் என் கையைப் பிடித்துச் சொன்னீர்களே, உங்களுக்குச் சுகம், எனக்கு வியாதி என்று பங்கு போட்டுக்கொண்டீர்களா?

கொரோனாவுக்குப் பிறகு கோயில் திறந்த முதல் ஞாயிறு நீங்கள்தான் பிரசங்கம். கொள்ளைநோய் சும்மா வருவதில்லை, தேசத்தில் விபசாரம் பெருகினால் வரும், மனைவிக்கு உண்மையாயிராதவன் வீட்டு வாசலில் வாதை வந்து நிற்கும் என்று முழங்கினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நான் தலையாட்டினேன். அன்று இரவும் தண்ணீர் கொடுத்தேன்.

அந்தப் பிரசங்கம் பொய். மருந்து வாங்கும் வரிசையில் என் முன்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். மருந்து அந்தக் குழந்தைக்குத்தான். அது எவனோடு விபசாரம் செய்தது? வியாதி வியாதிதான், யாருக்கும் வரும். அதைக் கட்டிய பெண்டாட்டியிடம் மறைப்பதுதான் பாவம். வேதத்தைக் கரைத்துக் குடித்த உங்களுக்கு அது தெரியவில்லை.

பெனிட்டாவின் பெயரை இழுக்காதீர்கள். உங்கள் கடிதத்தை அவளே படித்தாள். "அம்மா பேரைக் கெடுத்து எனக்கு மாப்ள பாக்கப்போறாரா?" என்று கேட்டாள். தைலத்தை உங்கள் வீட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை 25ஆம் தேதி உபவாச ஜெபத்தில் நீங்கள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் செப்டம்பர் 3ஆம் தேதி திருவிருந்துக்கு நான் வருவேன். யார் தடுத்தாலும் வருவேன்.

கிருபாவதி


மாமல்லபுரம்
26 ஆகஸ்ட் 2023

அன்புள்ள கிருபா,

நேற்று எழுந்து நின்றேன். கர்த்தர் சாட்சி. "எங்கள் குடும்பத்தின்மேல் வந்த சோதனைக்காகவும் எங்கள் எல்லாருடைய குறைகளுக்காகவும் ஜெபியுங்கள்" என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் அழுதார்கள். விளங்கவேண்டியவர்களுக்கு விளங்கியிருக்கும்.

மாத்திரை விஷயத்தில் நான் பயந்துவிட்டேன். சொன்னால் நீ போய்விடுவாய் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், ஈஸ்டர் முடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் கெட்டவன் இல்லை கிருபா, கோழை.

மூன்றாம் தேதி வராதே. காலில் விழுந்து கேட்கிறேன். ஆயர் ஐயா உன் அக்கா வீட்டுக்கே வந்து உனக்குத் தனியாகத் திருவிருந்து கொடுக்கச் சம்மதித்துவிட்டார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஏசுபாதம்


செங்கல்பட்டு
4 செப்டம்பர் 2023

ஏசுபாதம் அவர்களுக்கு,

கேட்டீர்களே, என் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று. பார்க்கவே இல்லையே! நேற்று நான் முழங்கால் போட்டதும் தெய்வநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கோடிக்கு நகர்ந்தாள். ஆயர் ஐயா அப்பத்தைக் கையில் வைத்தார். பின்னால் வந்த நீங்கள் என் தலைக்கு மேலாகக் கிண்ணத்தைக் கொண்டுபோய் அடுத்த ஆளிடம் நீட்டினீர்கள். ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டார் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கிக்கும் ஆள் நீங்கள்.

அந்த நிமிஷம்வரை எழுந்து பேசவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கையால் அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள்தான் என்னை எழுப்பிவிட்டீர்கள்.

"இந்த வியாதி எனக்கு இவராலதான் வந்தது. மூணு வருஷமா ஒளிச்சி வச்சி மாத்திரை சாப்புடறாரு, எனக்குச் சொல்லல. கிண்ணத்தால யாருக்கும் ஒண்ணும் வராது, பயப்படாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உங்களைத் திட்டக்கூட இல்லை. இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிண்ணத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு பக்கத்து வெஸ்ட்ரி அறைக்குள் போய்விட்டீர்கள்.

வெளியே வந்து வாதாம் மரத்தடியில் நின்றேன். அப்போது தெய்வநாயகி வந்தாள். நாங்கள் பேசியதை வெஸ்ட்ரி ஜன்னல் வழியாக நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று ராஜேந்திரன் உங்களைத்தான் வந்து கேட்பான். அதனால் எழுதுகிறேன்.

என் வாசலில் நின்று மனந்திரும்பச் சொன்னவளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, வைசாக்ல உங்க வூட்டுக்காரும் எங்க வூட்டுக்காரும் ஒரே ரூம்ல தானக்கா இருந்தாங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"எனக்கு ஆறு மாசமா காய்ச்சல் வந்து வந்து போய்கினு கீது. டெஸ்ட்டு எங்கக்கா எடுக்கணும்? இவருகிட்ட கேட்டா அடிச்சே கொன்னுடுவாரு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அவளுக்கு வியாதி இல்லாமல் இருக்கட்டும் என்று நேற்றிலிருந்து ஜெபிக்கிறேன். உங்களால் எனக்கு ஜெபமே வெறுத்துப்போயிருந்தது, இப்போது வருகிறது.

நான் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன். என் சாமான்களைப் பெனிட்டா வந்து எடுத்துக்கொள்வாள். உங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் சாகவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆயர் ஐயா நேற்று இரவு போனில் அழுதார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வா அம்மா, சபையாக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார். வரமுடியாது, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை தெய்வநாயகி செங்கல்பட்டு பஸ் ஏறி வருகிறாள். தங்கை வீட்டு விசேஷத்துக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாள். நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

ராஜேந்திரன் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு தடவையும் வாயை மூடிக்கொண்டிருங்கள். உங்களுக்குத்தான் அது நன்றாக வருமே.

கிருபாவதி