பிள்ளைப்பேறும் எம்.பி.ஏ.யும்

உரும்பிராய்,
12.08.2025

அன்பு மகள் தாரிகாவுக்கு,

நீயும் மருமகன் பிரணவனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம். நேற்றுத்தானே போனில் கதைத்தோம், இன்றைக்கு ஏன் மின்னஞ்சல் என்று யோசிப்பாய். போனில் நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லிப்போடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன். சிரிக்காதே. ஐம்பத்தொரு வயது என்பது எனக்கும் தெரியும்.

வெங்காயமும் பீற்றூட்டும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற இந்தக் கம்பனியில் பதினாறு வருடமாக நான் உதவி முகாமையாளர். என் தலைக்கு மேலே மூன்று பொது முகாமையாளர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். மூன்று பேருக்கும் வேலை பழக்கினது நான். இப்போதிருப்பவரின் ஒப்பந்தம் 2028இல் முடிகிறது. அந்த இடத்தை எனக்குத் தருவீர்களா என்று இயக்குநர் சபையில் நேரே கேட்டேன். "மிஸிஸ் கேதீஸ்வரன், எம்.பி.ஏ. இருந்தால் யோசிக்கலாம்" என்றார்கள்.

மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம். சனி ஞாயிறு வகுப்பு, நேர்முகம் உண்டு, எடுபடுவது கஷ்டம். என் தலைக்கு மேலே வந்த அந்த மூன்று பேரும் படித்தது அங்கேதான். இரண்டாவது, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வெளிநாட்டுப் பட்டத்தின் கிளை. பணம் கட்டினால் போதும். மூன்றாவது ஒன்லைன்.

எனக்கு முதலாவதுதான் ஆசை. ஆனால் வகுப்பு மாசியில் தொடங்குகிறது. உனக்கும் மாசியில்தானே பிள்ளைப்பேற்றுக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய், பிள்ளை?

அன்புடன்
அம்மா

மெல்பேர்ண்,
15.08.2025

அம்மா,

உங்கள் கடிதத்தைப் பகிடி என்று நினைத்துப் பிரணவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பகிடி இல்லை என்று பாதியில்தான் விளங்கியது.

இங்கே என் சிநேகிதி தனுசியாவின் அம்மா பிள்ளைப்பேறு பார்க்க வந்து ஆறு மாதம் நின்றா. நிவேதனாவுக்கு அம்மா இல்லை, மாமியார் வந்தா. என்னிடம் ஆராவது கேட்டால், "அம்மா வகுப்பிலை இருக்கிறா" என்று சொல்லவோ? எனக்கு முதல் பிள்ளை, அம்மா. பயமாக இருக்கிறது.

ஒன்லைனுக்கு விண்ணப்பம் போடுங்கோ. இங்கே வந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டே படிக்கலாம். இல்லாவிட்டால் அந்த நகரத்துக் கிளைக்குப் போடுங்கோ. பட்டம் பட்டம்தானே, ஆர் துருவிக் கேட்கப் போகினம்?

தாரிகா

உரும்பிராய்,
20.08.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மற்ற வேலை பார்த்தேன். நீ கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் இதைவிடக் கூடக் கத்தியிருப்பேன்.

ஆனால் துருவிக் கேட்பார்கள், பிள்ளை. நாளைக்கு நான் அந்தக் கதிரையில் இருந்தால், "உவ எங்கை படிச்சவ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்போது நான் மெதுவாகச் சொல்லி மழுப்ப வேண்டிய ஒரு பேர் எனக்கு வேண்டாம்.

நேற்றுக் கொழும்புக்கு மட்டும் போட்டேன். மற்ற இரண்டு விண்ணப்பத்தையும் கிழித்தெறிந்தேன். எடுபடாவிட்டால் மாசியில் உன்னுடன் நிற்பேன். எடுபட்டால் என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை.

நேர்முகத்துக்கு முன்னர் என் வேலை அனுபவம் பற்றிக் கட்டுரை ஒன்று அனுப்பவேண்டும், ஆங்கிலத்தில். இணைத்திருக்கிறேன். கோபம் ஆறினால் பிழை திருத்தி அனுப்பு. ஆறாவிட்டாலும் திருத்தி அனுப்பு.

அம்மா

மெல்பேர்ண்,
02.09.2025

அம்மா,

கோபம் ஆறவில்லை. கட்டுரை திருத்தியாயிற்று.

மூன்று பக்கத்தில் "நான்" என்ற சொல் ஒரேயொரு தடவை வருகிறது. "எமது முகாமையாளரின் வழிகாட்டலில்" என்பது பதினொரு தடவை. டீசல் இல்லாத அந்த வருடம் நாற்பது தொன் வெங்காயம் அழுகப் பார்த்ததாம், கொழும்பிலிருந்து கோதுமை மா ஏற்றி வந்து வெறுமையாகத் திரும்பும் லொறிகளை மறித்து அத்தனையும் அனுப்பினதாம். ஆர் மறித்தது, அம்மா? உங்கடை முகாமையாளர் அப்போது கொழும்பில் எல்லோ நின்றவர்? வெயிலில் றோட்டில் நின்றது நீங்கள். எனக்கு இந்தக் கதையை ஒரு நாளும் சொல்லவில்லையே!

எல்லா இடத்திலும் "நான்" என்று மாற்றிவிட்டேன். திரும்ப மாற்றினால் உங்களுடன் கதைக்க மாட்டேன்.

தாரிகா

உரும்பிராய்,
24.11.2025

என் தங்கப் பிள்ளைக்கு,

எடுபட்டுவிட்டேன்! நானூறு பேரில் அறுபது பேர், அதில் உன் அம்மாவும் ஒருத்தி.

நேர்முகம் எடுத்த மூவரில் ஒருவர், "இந்த வயதில் ஏன் எம்.பி.ஏ.?" என்று கேட்டார். "உங்களிடம் படித்த மூன்று பேருக்கு நான் வேலை பழக்கியிருக்கிறேன் சேர். அவர்களுக்கு என்ன படிப்பித்தீர்கள், எதை மறந்தீர்கள் என்று பார்க்க வந்தேன்" என்றேன். நேர்முகம் எடுத்த மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, எடுபட்ட கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உன்னை நினைத்து அழுதேன். மூன்றாம் நாள் அப்பா புதுக் கடவுச்சீட்டுடன் வந்து, "சுபா, நீ படி. பிள்ளைக்கு நான் போறன்" என்றார்.

"ஆம்பிளை ஆரும் பிள்ளைப்பேறு பார்க்கப் போறதோ? ஊர் சிரிக்குமப்பா!"

"சிரிக்கிற ஆக்கள் வந்து பத்தியத்துக்கு மல்லி வறுத்துத் தரட்டும்."

நம்பமாட்டாய், தேத்தண்ணி போடத் தெரியாத மனுசன் இப்போது பக்கத்து வீட்டுச் சின்னாச்சி அக்காவின் குசினியில் நின்று பத்தியக்கறி பழகுகிறார். மூன்று சட்டி கருகியாயிற்று. உனக்கு இது சரியோ, பிள்ளை? நீ வேண்டாமென்றால் இன்றைக்கே கொழும்புக்கு எழுதி விலகிவிடுவேன். உண்மையாகத்தான் கேட்கிறேன்.

அம்மா

மெல்பேர்ண்,
22.02.2026

என் அம்மாவுக்கு,

அப்பாவை அனுப்புங்கோ என்று அன்றைக்கு ஒரு வரியில்தான் பதில் போட்டேன். இப்போதுதான் ஆறுதலாக எழுத முடிகிறது.

உங்கள் பேத்திக்கு இன்று பதினொரு நாள். மூக்கு உங்களுடையது. நோவு வந்தபோது "அம்மா" என்றுதான் கத்தினேன். நீங்கள் பக்கத்தில் இல்லாதது இப்போதும் கொஞ்சம் நோகிறது. அதை மறைக்க மாட்டேன்.

அப்பாவின் பத்தியக்கறியில் மிளகு கூடிவிட்டது. ஆனாலும் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறேன். வாசம் பிடித்துக்கொண்டு தனுசியாவும் வந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி, மனைவி வரவில்லையா என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மை வைஃப், எம்.பி.ஏ.!" என்றார். பிறகு கேட்காத ஆட்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மற்றது, முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவும் பெயர் வைப்பும் பங்குனி (மார்ச்) 14, உங்கள் வகுப்பு நாளான சனிக்கிழமை வருகிறது. கோயில் ஐயரிடம் போய்த் திங்கட்கிழமைக்கு மாற்றித் தரச் சொன்னேன்.

"ஒரு வகுப்புக்காக ஆரும் துடக்குக்கழிவை மாத்துவினமோ, பிள்ளை?" என்றார்.

"என்ரை அம்மான்ரை வகுப்பு ஐயா. பேத்தியின்ரை காதிலை முதல் பேர் சொல்லப்போறதும் அவதான்" என்றேன்.

பஞ்சாங்கத்தைப் புரட்டித் திங்கள் காலை பத்து மணி என்று எழுதித் தந்துவிட்டார். உங்களுக்கு அப்போது விடியக்காலை நாலரை. எழும்பி வீடியோவில் வந்து நில்லுங்கோ, போனைப் பேத்தியின் காதோடு பிடிக்கிறேன்.

உங்கள்
தாரிகா