போயா நாளில் எடுத்த தண்ணீர்

அன்புள்ள மகள் தனுஷிகாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். அப்பாவின் சீனி மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது, சோற்றைக் குறைக்கச் சொன்னால் பலாக்காயைக் கூட்டிக்கொள்கிறார். நீ சுகம் என்று போனில் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். பதில் இருந்தது, அதை அவர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். நிலக்கரிக்காகத் தோண்டிக் குவித்த கல்லில் காற்றும் மழையும் படும்போது அமிலம் ஊறுகிறது, அது இரும்பையும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் இறங்குகிறது. சுரங்கத்துக்குக் கீழே இருக்கிற பண்ணைக்காரர்களின் கிணறுகளிலும் ஆற்றிலும் சல்பேற்று மாதா மாதம் ஏறுவதை நீயே அளந்திருக்கிறாய். இப்போது உன் மேலதிகாரி, பெருமழைக்கு அடுத்த நாள் ஆறு நிரம்பி ஓடும்போது மட்டும் போய் மாதிரி எடு, பொய் எழுதச் சொல்லவில்லை, வருகிற எண்ணைத்தான் எழுதச் சொல்கிறேன் என்கிறார். வெள்ளத்தில் சல்பேற்று நீர்த்துப்போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டால் ஜூனில் முடிகிற உன் விசாவுக்கு அவர் கடிதம் தரமாட்டார். போடவா அம்மா என்று கேட்டாய். அப்படி ஒன்றில் நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன் மகள்.

நம் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு அப்பால் ஆற்றோரத்தில் மாணிக்கக் குழி வெட்டுகிறார்கள் என்று போன வருடம் சொன்னேன். குழியில் ஊறுகிற தண்ணீரை நாள் முழுக்கப் பம்பு வைத்து இறைத்தால்தான், இல்லம என்று சிங்களத்தில் சொல்லும் கல்மண்ணை எடுக்கலாம். இறைத்த சேறு ஆற்றுக்குப் போனது, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கிணறு இறங்கி இறங்கிக் கலங்கியது. தோட்டத்துச் சங்கத் தலைவர் சண்முகநாதன் ஜீவராணியையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு அவளைத் தெரியும், நீ ஏ.எல். படித்த காலத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிற வழியில் நமக்குக் கீரை தந்துவிட்டுப் போவாளே, அவள்தான். வாசலில் நின்றபடியே, அவங்களுக்கு இல்லம கெடச்சிருச்சு டீச்சர், நாங்கதான் தண்ணி இல்லாம நிக்கிறோம் என்றாள். தலைவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். டீச்சர் ஒரு தடவ சோதிச்சு எழுதிக் குடுத்தீங்கன்னா கவர்மெண்டு கந்தோருல கேப்பாங்க, நாங்க சொன்னா யாருங்க கேக்குறா என்றார் அவர்.

பாடசாலை நாளில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. எசல மாதப் பௌர்ணமி, போயா லீவு, அன்று காலை ஆய்வுகூடப் போத்தல்களோடு போனேன். கிணற்றில் தண்ணீர் இடுப்பளவு நின்றது, தெளிவாகவும் இருந்தது, பீஎச் ஆறரை. ஜீவராணி வாளியை எட்டிப் பார்த்து, இன்னைக்கு மட்டும் என்னா டீச்சர் இது நல்ல புள்ளையாட்டம் இருக்கு என்றாள். கேட்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. லயத்துக்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று அப்பா என்னைக் கேலி செய்வார், அன்றைக்கு என் சந்தேகம் முழுக்க அவள் பேச்சின் மேல் போய்விட்டது. பார்த்த அளவில் குடிக்கத் தகுந்த நீர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பார்த்த அளவில் என்கிற இரண்டு சொல் பின்னால் எனக்கு உதவும் என்று தெரிந்தேதான் போட்டேன். கந்தோருக்குப் போன அந்தக் காகிதத்தின் பிரதியைக் குழி முதலாளி வாங்கி, அனுமதியைப் புதுப்பிக்கிற விண்ணப்பத்தோடு இணைத்தார். அனுமதி கிடைத்தது. இரண்டு குழி நான்காயிற்று.

தை மாதம் கிணறு அடி தெரிய வற்றியது. சனங்கள் மூடாமல் விட்ட பழைய குழியில் இறங்கித் தண்ணீர் அள்ளினார்கள். ஜீவராணியின் காலில் கொழுந்து மலையில் பட்ட வெட்டுக் காயம் இருந்தது. காய்ச்சல் வந்து மூன்று நாள் பெனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள், கண் மஞ்சளான பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல், தேங்கிய தண்ணீரிலிருந்து காயம் வழியாக ஏறுகிறது, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. ஒன்பதாவது நாள் போய்விட்டாள். நாற்பத்தொரு வயது. உனக்குப் போனில் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன்.

அவளுடைய கருமாதி இந்த மாதப் போயாவில் வந்தது. கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன், வற்றிக் கிடந்த கிணற்றில் முழங்கால் அளவு தெளிந்த தண்ணீர் நின்றது. தலைவரிடம் கேட்டேன். போயான்னா குழியில வேல இல்லீங்களே டீச்சர், பம்பு நின்னா ஊறும், நாளைக்கு மறுபடி போயிரும் என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது, எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். இந்த ஊரில் பத்தொன்பது வருடம் இரசாயனம் படிப்பிக்கிறேன், எனக்கு லீவு என்றால் குழிக்கும் லீவு என்று தோன்றவில்லை.

நான் எழுதிய எண்ணில் பொய் இல்லை தனு. உன் மேலதிகாரி கேட்கிற எண்ணிலும் பொய் இருக்காது.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்குக் கிணற்றிலும் ஆற்றிலும் மறுபடி எடுத்தேன். கிணற்றில் வாளி சேற்றில் முட்டியது. முதல் காகிதம் எந்த நாளில் எடுத்த நீரை வைத்து எழுதியது என்று சொல்லி, அதைத் திரும்பப் பெறுவதாகக் கந்தோருக்கு எழுதியிருக்கிறேன். இதனால் என்னை இடம் மாற்றக்கூடும், முதலாளிக்கு அவ்வளவு செல்வாக்கு உண்டு. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சாப்பிட்ட பிறகு சொல்வேன். கிணறு இதனால் நிறையும் என்று நான் நம்பவில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. விசா இல்லாமல் வந்தால் ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டோம், அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. உன் கையும் மனமும் நடுங்காமல் இருக்கக் கடவுள் துணை இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, எங்கே மாதிரி எடுத்தாலும் நாளோடும் நேரத்தோடும் அங்கே அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி வை.

அன்புடன்,
அம்மா
ஓப்பநாயக்க, மார்ச் 17, செவ்வாய், காலை பத்து மணி. பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.