வாங்கவா

கொட்டாஞ்சேனை
2025 ஜூன் 3

அன்பின் பிறிஜெற்,

போனில் என்னை மறித்து வைத்திருக்கிறாய். வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தப் பெண்சாதிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடும் ஆள் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அக்கா வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு விசயம். உன் பக்கத்தில், காலி வீதி வாத்தியக் கடையில், ஒரு அக்கூஸ்டிக்-எலெக்ட்ரிக் பேஸ் தொங்குகிறது. கிற்றாரைவிடப் பெரிய வயிறு, நாலு தடித்த கம்பி. வயர் செருகினால் மேடைக்கு ஆகும். செருகாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். வீட்டில் ஒரு குரலுக்குத் துணை போக அது போதும். சத்தத்தில் கதைக்கவும் முடியவில்லை என்றுதானே போனாய். அம்ப்ளிஃபயரை என்னோடு வாசிக்கும் கிஷாந்துக்கு விற்றுவிட்டேன்.

பதினாலாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் கடையில் நிற்பேன். உன் காதை நம்புமளவு என் காதை நான் நம்புவதில்லை. வாங்கவா.

உன்
கிளெமென்ற்

வெள்ளவத்தை
2025 ஜூன் 9

அன்புள்ள கிளெமென்ற்,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். ஏழு மாதம் கழித்து எழுதுகிறீர்கள், அதிலும் வாத்தியக் கதைதான். அம்ப்ளிஃபயரை விற்றது அடுத்ததை வாங்குவதற்கு என்று எனக்குத் தெரியாதா?

காதைக் கேட்டபடியால் சொல்கிறேன். கோயில் பாடகர் குழுவில் நாலு கிற்றார் சேர்ந்தால், வயர் இல்லாமல் அது கேட்கவே கேட்காது. வயரைச் செருகினால் வயிறு உறுமும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அப்படி ஒன்றோடு வாழ்ந்து பார்த்தாயிற்று. வாங்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரஷர் குளிசையை விடவேண்டாம்.

பிறிஜெற்

கொட்டாஞ்சேனை
2025 ஜூன் 23

அன்பின் பிறிஜெற்,

உன் பதில் கிடைத்தும் சனிக்கிழமை போய் நின்றேன். மனம் மாறி வருவாய் என்று ஒரு நப்பாசை. "நோனா ஆவே நெத்த?" என்று முதலாளி சிங்களத்தில், பெண்சாதி வரவில்லையா என்று, இரண்டு தரம் கேட்டார். "வருவா" என்றேன். கடை பூட்டும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

உன்னில் பிழை இல்லை. வாங்க வா என்று கூப்பிட்டேன், வாங்க வேண்டாம் என்று எழுதினாய். வரமாட்டேன் என்பதை அதைவிட மரியாதையாக ஒருத்தி சொல்ல முடியாது.

மாலைதீவில் ஒரு ஹோட்டல் பாண்டில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருச ஒப்பந்தம். முப்பதாம் திகதி பயணம். அதற்கு முன்னர் நீ ஒரு சொல் அனுப்பினாலும் போகமாட்டேன். அனுப்பாவிட்டால் வீட்டைப் பூட்டித் திறப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

கிளெமென்ற்

வெள்ளவத்தை
2025 ஜூலை 4

என் அன்புக் கிளெமென்ற்,

அக்காவோடு மடு மாதா திருவிழாவுக்குப் போய், பத்து நாள் நின்று, நேற்றுத்தான் திரும்பினேன். உங்கள் கடிதம் கதவடியில் கிடந்தது. போனில் உங்களை மறித்ததை எடுத்துவிட்டு அடித்தேன், இணைப்பு இல்லை. ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். "அவர் திங்கட்கிழமையே போய்ட்டார், மிஸிஸ். கடைசி வரைக்கும் தபால்காரனப் பாத்துக்கொண்டு நின்டார்" என்றார் வீட்டுக்காரர்.

முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'வாங்கவா' என்று ஒட்டி எழுதியிருக்கிறீர்கள். பாட்டுத் தாள்களில் எப்போதும் அப்படித்தானே எழுதுவீர்கள், நானும் ஏசி ஏசிச் சிவப்புப் பேனையால் பிரித்துத் தருவேனே. வாங்கட்டுமா என்று கேட்கிறீர்கள் என்றே வாசித்தேன். அந்தக் கடிதம் முழுக்க ஒரு 'வா' இருக்கிறதா என்று தேடியவள் நான். இல்லை என்ற கோபத்தில்தான் அப்படி எழுதினேன். இருந்திருக்கிறது, கடைசியில், ஒட்டிக்கொண்டு. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இன்று கடைக்குப் போனேன். பேஸ் அங்கேயே தொங்குகிறது. தடித்த கம்பியைத் தட்டிக்கொண்டு மெல்லமாகப் பாடிப் பார்த்தேன். வீதி இரைச்சலிலும் எனக்கு மட்டும் கேட்டது. நீங்கள் சொன்னது சரி, நான்தான் கோயிலை நினைத்துப் பதில் எழுதினேன், வீட்டை நினைக்கவில்லை. வாங்கிவிட்டேன். அக்கா வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாமல், நிற்கிறது.

உங்கள் புது விலாசம் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. நீங்கள் அவருக்கு விலாசம் அனுப்பினால் அவர் இதைச் சேர்ப்பிப்பார் என்று பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். நீங்கள் கேட்ட ஒரு சொல்லை நம் வீட்டுப் பேச்சிலேயே எழுதுகிறேன். இதில் பிரிக்க ஒன்றும் இல்லை.

வாங்க.

உங்கள்
பிறிஜெற்