சுருளின் ஓரத்தில் ஒரு புள்ளி

மார்ச் 4

அன்புள்ள எக்ஸ்ரே கண்ணுக்கு,

நலமா? நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து என் போனை எடுப்பதில்லை; அதனால் கடிதம். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதோடு இருக்கும் இரண்டு படங்களையும் பார். நம் தொலைநோக்கியில் எடுத்த அதே சுருள் விண்மீன்திரள்தான். ஒன்று போன வருஷம் நாம் சேர்ந்து எடுத்தது. மற்றது நேற்று நான் மட்டும் எடுத்தது. கீழ்ச்சுருளின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி! அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தினமும் நுரையீரல் படங்களில் புள்ளி தேடுகிறவள் நீ. சொல்.

வாத்தியார்

மார்ச் 7

வாத்தியாருக்கு,

நலம்தான். பழைய படத்தில் அது இல்லை. ஆனால் கேமராக் கோளாறாகவும் இருக்கலாம்; அப்படியென்றால் எப்படி எடுத்தாலும் படத்தில் அதே இடத்தில் நிற்கும். தொலைநோக்கியை லேசாக நகர்த்தி மறுபடி எடுங்கள். புள்ளி சுருளோடு சேர்ந்து நகர்ந்தால் நிஜம்.

இன்னொன்று. வேலை மாறும் முடிவையும் வீடு மாறும் முடிவையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் கடைசியில்தான் சொன்னீர்கள். இதையாவது என்னைக் கேட்காமல் யாருக்கும் அறிவிக்காதீர்கள்.

நான்

மார்ச் 11

அன்புள்ள கண்ணுக்கு,

மேகம் உயிரை வாங்கிவிட்டது. நேற்றுதான் விலகியது. நகர்த்தி எடுத்தேன். புள்ளி கூடவே வந்தது. நிஜம்!

உன் கடிதம் வருமுன்பே வானியல் சங்கச் செயலாளரிடம் மட்டும் உளறிவிட்டிருந்தேன். அவர் காலையிலேயே வாசலில் நின்றார். "முதல்ல சொல்றவன் பேர்தான்யா நிக்கும். இன்னிக்கே அனுப்பு!"

"வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும் சார்."

"எந்த வீட்ல? அதான் அவங்க போயிட்டாங்களே!"

அவரை அனுப்பிவிட்டு உடனே இதை எழுதுகிறேன். அனுப்பட்டுமா? ஒரே ஒரு வரி எழுது.

வாத்தியார்

மார்ச் 15

கண்ணுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்று வேறு யாரோ அறிவித்துவிட்டார்கள். அதே சுருள், அதே புள்ளி. செயலாளர் என்னோடு பேசுவதில்லை. உன்மேல் வருத்தமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாத்தியார்

மார்ச் 18

அடப் பைத்தியக்கார மனுஷா,

ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, ஒரு வாரமாக அங்கேயே கிடந்தேன். வீட்டுக்கு வந்தால் இரண்டு கடிதங்களும் கதவடியில் கிடக்கின்றன. என்னைக் கேளுங்கள் என்றேனே தவிர, கோட்டை விடுங்கள் என்றா சொன்னேன்? கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. செயலாளர் அத்தனை நெருக்கியும் எனக்காகக் காத்திருந்தீர்களா? நீங்களா?

அந்தப் புள்ளி கொஞ்ச நாளில் மங்கிவிடுமாமே. அதற்குள் என் கண்ணால் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். தங்குவேனா என்று இப்போதே கேட்டு வைக்காதீர்கள்.

அன்று மேகம் மூடியிருந்தாலும் வருவேன்.

உங்கள் கண்ணு