சஞ்சீவன் புத்தகங்களைக் கொடுத்துவிட்டான்

கோணேசர் துணை

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்பு மகள் கௌசிகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தனான். போன் இருக்க ஏன் அம்மா கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். இந்த வீட்டில் எங்கே இருந்து கதைத்தாலும் தம்பி சஞ்சீவனுக்குக் கேட்கும். தயாளினி ரீச்சர் மகளைப் பார்க்க மெல்பேர்ண் வருகிறா, மிளகாய்த்தூள் பார்சலோடு இதையும் அவவிடம் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி இந்த முறையும் கணக்காளர் சோதினை பாஸ் பண்ணவில்லை என்று உனக்குத் தெரியும். நடந்தது என்னவென்று உனக்குத் தெரியாது, எனக்கே போன கிழமைதான் சொன்னான். கொழும்புக்குப் போகிற அன்று காலை பஸ்ஸுக்கு உடுப்புப் பையோடு வெளிக்கிட்டு நிற்கும்போது துறைமுகக் கந்தோரில் இருந்து மனேஜர் போன் எடுத்தார். கோதுமைக் கப்பல் வந்திட்டுது, நீர் இல்லாமல் ஏலாது, ஒருக்கா வந்து பேப்பர் வேலையை முடிச்சுத் தந்திட்டுப் போம் என்றார். லீவு எப்பவோ எடுத்து வைத்த லீவுதான், ஆனாலும் ஏலாது என்று சொல்ல இவனுக்கு வாய் வராது. பையோடேயே துறைமுகத்துக்குப் போனான். பொழுதுபட்டுத்தான் விட்டார்களாம். பிறகு கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டு போய், கொழும்பு பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, நேரே சோதினை மண்டபத்துக்குப் போயிருக்கிறான். கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசிச்சனான் அம்மா, எழுத்து தெரிஞ்சது, ஒண்டும் விளங்கேல்லை என்று சொன்னான். மற்ற நாள் பேப்பருக்கு அவன் போகவே இல்லை. காலிமுகத்திடலில் போய் இருந்தானாம். இங்கே கண் முழித்தால் கடல், அங்கே போயும் கடலைப் பார்த்துக்கொண்டு தனிய இருந்திருக்கிறான் பிள்ளை. வீட்டுக்கு வந்து எங்களுக்குப் பரவாயில்லை, எழுதினனான் என்றுதான் சொன்னான்.

சோதினை மறுமொழி வந்த பிறகும் வழமைபோல வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு மேசையில் புத்தகத்தை விரித்து இருப்பான். நான் ரீவியைக்கூடப் போடுவதில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், திரும்பவும் தொடங்கிவிட்டான் என்று. போன கிழமை புட்டும் சொதியும் கொண்டுபோய் வைத்துவிட்டு, எந்தப் பாடத்திலடா வந்து நிற்கிறாய் என்று சும்மா கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, அம்மா நான் படிக்கேல்லை, விரிச்சு வைச்சிருந்தா நீங்கள் கவலைப்படமாட்டீங்கள் எண்டுதான் இருக்கிறன் என்றான். அதற்குப் பிறகுதான் கொழும்புக் கதையும் சொன்னான். புட்டு ஆறுது, சாப்பிடு என்றுதான் எனக்கு வாயில் வந்தது மகள்.

வெள்ளிக்கிழமை உன்னுடைய பழைய புத்தகங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் கட்டி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். கந்தோரில் றுஷ்தா என்று கிண்ணியாவில் இருந்து வருகிற பிள்ளை ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதுவும் இதே சோதினைக்குப் படிக்கத் தொடங்குகிறதாம், அதற்குக் கொடுத்துவிட்டான். இனி எழுதமாட்டியோ என்று கேட்டேன். ஏலாதம்மா என்றான். மனேஜருக்குச் சொல்ல வராத சொல் எனக்கு முன்னால் வந்தது. கோபம் இல்லை, அழுகையும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலடியில் யார் கேட்டாலும், மகன் இந்த வருஷம் முடிச்சிடுவான் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சனிக்கிழமை புத்தக அலுமாரியைத் திறந்தவர் வெறும் தட்டைப் பார்த்தார். பிறகு தன்னுடைய மருந்துகளைக் கொண்டுவந்து அதில் அடுக்கினார்.

நீ அனுப்புகிற வீடியோக்களைப் பற்றியும் எழுத வேண்டும். விடியமுன் எழும்பிப் படித்து வென்றவர்களுடைய கதைகள். நல்ல மனசோடுதான் அனுப்புகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் நீ இதே சோதினையை முதல் முறையிலேயே பாஸ் பண்ணிய பிள்ளை மகள், உனக்கு இது விளங்காமல் இருக்கலாம். அக்கா அனுப்பினது என்று அவன் ஒவ்வொன்றையும் கடைசிமட்டும் பார்க்கிறான். பார்த்து முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். இனி அனுப்பாதே. திரும்ப எழுது என்றும் சொல்லாதே, ஏன் விட்டாய் என்றும் கேட்காதே. அவன் மனம் மாறுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, பொய் எழுத மனமும் வரவில்லை. அந்தக் கந்தோரிலேயே காலத்தைக் கழிப்பான் போலத்தான் கிடக்கிறது. இருக்கட்டும். எனக்கு அவன் சாப்பிட்டுப் படுத்து எழும்பினால் போதும் என்று ஆகிவிட்டது.

பிள்ளைக்கு இருமல் என்றாய், மல்லி அவித்துக் கொடு. நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே. ஒரு குறையும் வராமல் பத்திரகாளி அம்மன் உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மறந்துவிடாதே, அடுத்த முறை எடுக்கும்போது போனை அவனிடம் கொடுக்கச் சொல்லு. நீ எனக்குத் தம்பியாக இருந்தாலே காணும், வேறொன்றும் வேண்டாம் என்று உன் வாயால் ஒருக்கால் சொல்லிவிடு. நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா என்றால் அப்படித்தானே சொல்லுவீங்கள் என்று சிரித்துவிட்டுப் போகிறான்.

உன் அம்மா,
சி. இராசமலர்